தாயை முதலில் பிடி

பாளையங்கோட்டை,
சனிக்கிழமை ராத்திரி.

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அதைச் சாக்காக வைத்து நேற்று அல்வாக் கடைப்பக்கம் போய் வந்திருக்கிறான். கேட்டால் சும்மா நடந்தேன் என்கிறான். நீ ஒரு வார்த்தை போனில் அதட்டு. நான் சொன்னால் அவனுக்கு ஏறாது.

உன்னிடமும் போனில் சொல்லிப் பிரயோஜனமில்லை. "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு எங்கேயாவது செருகி வைக்காதே, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வை.

நீ அனுப்பின பூனைக்குட்டி வீடியோ எல்லாம் பார்த்தேன். இரண்டு செவலை, ஒரு கருப்பு, ஒரு மூன்று நிறக்காரி. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை வீடியோவிலும் தாயைக் காணோமே ஏட்டி? ஒரே ஓர் இடத்தில் மதில் மேலே வால் மட்டும் தெரிகிறது. குட்டிகளுக்குப் பேர் வைத்துவிட்டாய், கிண்ணம் வாங்கிவிட்டாய், ரிப்பன்கூட வாங்கியிருக்கிறாய். பெற்றவள் மதில் மேல் நின்று நீ எப்போது உள்ளே போவாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், தாயை விட்டுவிடுவார்கள், மூன்று மாதம் கழித்து அதே சாக்குமூட்டைக்குப் பின்னால் அடுத்த ஈத்து கிடக்கும்.

நான் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள், ஒரு பாடம் உனக்கும் நடத்திவிடுகிறேன். பூனைக்குச் சினைக்காலம் 63 முதல் 65 நாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி சினைப் பிடிக்கும். குட்டி பால் மறக்கட்டும் என்று காத்திருக்காது. இன்னொன்று, கடுவன் சேர்ந்த பிறகுதான் பெட்டைக்கு முட்டை வெளிப்படும், அதனால் சேர்ந்தால் தப்புவது அபூர்வம். இன்றைக்கு உன் புறவாசலில் கத்திக்கொண்டு திரிகிறதே ஒரு கடுவன், அது தன் வேலையை முடித்திருந்தால் கார்த்திகைத் தீபத்தை ஒட்டி அடுத்த ஈத்து. இந்தக் குட்டிகளும் சும்மா இருக்காது. நாலைந்து மாதத்திலேயே பெட்டைக் குட்டி சினையாகும், அதாவது தைப்பொங்கல் வாக்கில். அந்த மூன்று நிறக்காரி பெட்டை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம், மூன்று நிறம் கலந்தால் அநேகமாக எப்போதும் பெட்டைதான். செவலையில் கடுவன்கள் அதிகம். கருப்பை மட்டும் வாலைத் தூக்கிப் பார்த்துக்கொள்.

உன் ஹவுஸ் ஓனர் அம்மா சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த அம்மாமேல் கோபப்படாதே. நம் வீட்டிலும் அதுதானே நடந்தது? உன் தாத்தா சைக்கிள் கேரியரில் சாக்கை வைத்து ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டு வருவார், நீ லீவுக்கு வந்திருந்தபோது பட்டாசலில் புரண்டு புரண்டு அழுதாய். ஆச்சி வாரியலால் விரட்டுவாள், மத்தியானம் அதே பூனைக்கு அடுக்களை ஜன்னல் வழியாக மீன் தலை போடுவாள். யாருக்கும் வேறு வழி தெரியாது. விட்ட இடத்தில் அந்த ஜீவன் தண்ணீர் எங்கே சோறு எங்கே என்று தெரியாமல் சாகும். இங்கே காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்து உட்காரும், எலியும் எச்சிலும் இருக்கிறவரைக்கும் வரத்தான் செய்யும். பட்டினி கிடக்க விட்டு வருவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று ஒரு பேச்சுக்கு அந்த அம்மா காதில் போட்டு வை. ஆனால் சட்டத்தைவிட ராத்திரிச் சத்தத்தைப் பற்றிப் பேசினால்தான் மசிவார்கள். பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் ராத்திரி கூப்பாடு இருக்காது, மாடிப்படியில் மூத்திர நாற்றம் குறையும், குட்டியே வராது என்று சொல். அதற்குத் தலையாட்டாத ஹவுஸ் ஓனரை நான் பார்த்ததில்லை.

தாயைப் பிடிக்கிற கூண்டை நான் அனுப்புகிறேன். நம் வெல்டிங் பட்டறையில் செய்யச் சொல்லி வாங்கினது, மூன்றடி நீளம். எலிப்பொறி மாதிரியேதான், உள்ளே தகட்டில் கால் வைத்ததும் கதவு விழும். வந்ததும் பிடிக்கிறேன் என்று வைக்காதே. முதலில் கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வை, அடியில் பேப்பர் விரி, தினம் ஒரே நேரத்தில் சோற்றை முதலில் கூண்டு வாசலில், அப்புறம் நடுவில், அப்புறம் தகட்டுக்கும் அப்பால் வை. பயமில்லாமல் போய் வரட்டும். பிடிக்கப்போகிற நாளுக்கு முந்தின வேளைச் சோற்றை நிறுத்திவிடு. அக்கம்பக்கத்தில் யாராவது பால் ஊற்றினால் அவர்களிடமும் சொல்லிவிடு, வயிறு நிறைந்த பூனை கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அன்றைக்குச் சாளையோ நெத்திலிக் கருவாடோ, நாற்றம் எவ்வளவோ அவ்வளவு நல்லது. புரட்டாசி மாசம், கீழ்வீட்டில் விரதம், தெரியும். கருவாட்டை டப்பாவில் இறுக மூடி வை, விளக்கணைத்த பிறகு எடு.

உனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. குட்டிகள் கையில் இருந்தால் தாயைப் பிடிப்பது பாதி சுலபம். குட்டிக் கூடையைக் கூண்டின் பின்பக்கம் ஒட்டி வைத்து, இரண்டையும் சேர்த்துத் துணி போட்டு மூடிவிடு, முன்வாசல் மட்டும் தெரியட்டும். குட்டியின் சத்தம் கேட்டு அவள் உள்ளே போயே தீருவாள். ஏமாற்றுகிறோமே என்று நீ கண்ணீர் விடுவாய், எனக்குத் தெரியும். விட்டுக்கோ. ஆனால் கதவு விழுந்ததும் ஓடிப்போய்த் துணியை முழுக்கப் போர்த்து. இருட்டானால் அடங்கும். மூடாவிட்டால் முட்டி முட்டி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். விரலை உள்ளே விடாதே, கதவைத் திறந்து சமாதானம் பண்ணாதே, கூண்டை வெயிலில் வைக்காதே.

மீறிக் கடித்தாலோ கீறினாலோ மஞ்சள் வைத்து மறைத்துக்கொண்டு ஆபீஸ் போகிற வேலை வேண்டாம். உன்னை எனக்குத் தெரியும், ஸ்கூட்டரில் விழுந்து முட்டி பெயர்ந்ததையே நாலு நாள் சொல்லாமல் இருந்தவள். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு. நேராக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போ. நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான், காசு கிடையாது. தோலுக்குள் போடும் முறையில் அன்றைக்கு ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் வேண்டும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். தடுப்பூசி நாளைத் தவறவிட்டாய் என்று தெரிந்தால் நான் ரயில் ஏறி வந்துவிடுவேன்.

டாக்டர் விஷயம். இங்கே எங்களுக்கு ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரி இருக்கிறது, நான் ஆட்டோவில் கூண்டோடு போய்விடுவேன். உனக்குச் சென்னையில் வேப்பேரிக் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரி 1903இல் தொடங்கினது, நம் தாத்தாவைவிட மூத்தது. ஆனால் தாம்பரத்திலிருந்து கூண்டைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டும். வேளச்சேரிப் பக்கம் புளூ கிராஸ் இருக்கிறது, 1959லிருந்து நடக்கிறது, அங்கேயும் கேட்டுப் பார். பக்கத்திலேயே தனி டாக்டர் இருந்தாலும் சரி, போவதற்கு முன்னால் போன் போட்டு, "கையில் பிடிக்க முடியாத பூனை, கூண்டிலேயே மயக்க ஊசி போட வேண்டும், செய்வீர்களா" என்று கேட்டுவிடு. சிலர் மாட்டோம் என்பார்கள். பால் கொடுக்கிறவள் என்றும் சொல்லு. வயிற்றின் நடுவில் வெட்டாமல் விலாப்பக்கம் வெட்டினால் பால் காம்புக்குத் தொந்தரவில்லை, தையலையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பிரிக்க வேண்டாத தையல் போடச் சொல். வீட்டில் மாத்திரை கொடுக்க முடியாது, அதனால் வலிக்கும் புண்ணுக்கும் நாள்பட நிற்கிற ஊசியாகப் போட்டுவிடச் சொல். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடலாம், திரும்ப அவள் கையில் கிடைப்பாள் என்று என்ன நிச்சயம்?

காது நுனியையும் அதே மயக்கத்தில் நறுக்கிவிடச் சொல்ல வேண்டும். ஐயோ என்காதே. இடது காது நுனியில் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டுவார்கள், அவளுக்குத் தெரியாது. அந்த வெட்டு இல்லையென்றால் அடுத்த வருஷம் இன்னொருத்தி அவளைப் பிடித்துக்கொண்டுபோய், மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தைத்து அனுப்புவாள்.

அவள் சினையாக இருந்தால் டாக்டர் உன்னைக் கேட்பார், செய்யலாமா வேண்டாமா என்று. அதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். என்னைக் கேட்டபோது நான் செய்யுங்கள் என்றுதான் சொன்னேன், அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அவ்வளவுதான் சொல்வேன். நீ முதலிலேயே யோசித்து வைத்துக்கொள், ஆஸ்பத்திரி மேசை முன்னால் நின்று யோசிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் குளிராத, இருட்டான இடத்தில் கூண்டோடு ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு ராத்திரி. முழுக்கத் தெளிந்து தலையைத் தூக்கின பிறகுதான் கொஞ்சம் சோறு. ரத்தம் சொட்டினாலோ, நேரமாகியும் தெளியவில்லை என்றாலோ உடனே டாக்டரைக் கூப்பிடு. அப்புறம் விடியக்காலையில், பிடித்த அதே இடத்தில், கதவைத் திறந்துவிட்டு நீ ஒதுங்கிவிடு. திரும்பிப் பார்க்காமல் ஓடுவாள். நாலு நாள் உன் வாசலுக்கே வராமல் முறைத்துக்கொள்வாள். வருவாள், சோற்றை மட்டும் அதே நேரத்தில் வை.

அந்தக் கடுவனையும் விடாதே. பெட்டையை மட்டும் ஆபரேஷன் பண்ணிவிட்டு, ஊரெல்லாம் மேய்கிறவனை விடுவது நம் ஊர் நியாயம், உனக்கு வேண்டாம். அவனுக்குச் சின்ன வேலைதான், மறுநாளே விட்டுவிடலாம். ஆனால் ஆபரேஷன் ஆன உடனே எல்லாம் நின்றுவிடாது, சில வாரத்துக்கு அவனால் சினையாக்க முடியும். சண்டையும் சுவரில் பீய்ச்சுவதும் மெல்ல மெல்லத்தான் அடங்கும்.

இப்போது உன் செல்லங்களுக்கு வருவோம். குட்டிக்கு வயது எத்தனை என்று கேட்டிருந்தாய். மாதத்துக்குச் சுமார் 450 கிராம் என்று வைத்துக்கொள், அடுக்களைத் தராசில் நிறுத்துப் பார். கண் இன்னும் நீலமாக இருக்கிறது, கோரைப்பல் வந்துவிட்டது, சோற்றில் வாய் வைக்கிறது என்கிறாய், அப்படியென்றால் ஐந்து வாரம் இருக்கும். அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே, காலம் நிஜமாகவே குறைவு. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்கிற அம்மா 1980களில் இதையே ஆராய்ச்சி செய்தார். பூனைக்குட்டி மனுஷனோடு ஒட்டுகிற காலம் இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும்தான். தினம் கால் மணி நேரம் கையில் எடுத்த குட்டியைவிட நாற்பது நிமிஷம் எடுத்த குட்டி அதிகம் ஒட்டியது. ஏழு வாரத்துக்கு மேலே முடியவே முடியாது என்றில்லை, ஆனால் உனக்கு ஆபீஸ் இருக்கிறது. தாயிடம் இன்னும் சில வாரம் இருந்தால் நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் சீறக் கற்றுக்கொடுக்கிறவளும் அவள்தான். நானாக இருந்தால் இப்போதே எடுத்துவிடுவேன்.

பின்னால் இருக்கிற சின்னக் குளியலறையைக் காலி பண்ணு. பெரிய அறையில் விட்டால் பீரோவுக்கு அடியில் போய்விடும், நீ விளக்குமாற்றுக் குச்சியோடு படுத்துக் கிடக்க வேண்டியதுதான். ஓர் அட்டைப்பெட்டி, உன் பழைய நைட்டி ஒன்று, ஒரு தட்டில் மணல். சோற்றைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்துவிடாதே, சோறு உன் கையிலிருந்துதான் வர வேண்டும். உப்பு, வெங்காயம் இல்லாமல் வேகவைத்த கோழியை மசித்து நீளக் கரண்டியில் நீட்டு, நாளாக நாளாகக் கரண்டியைக் குட்டையாக்கு, கடைசியில் உன் விரல். துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொள். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதே, கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திற. சிரிக்காதே, 2020இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், பூனை திருப்பி அதே மாதிரி கண்ணைச் சுருக்குகிறது, கிட்டேயும் வருகிறது. நான் உன் அப்பாவிடமும் செய்து பார்த்தேன், கண்ணில் தூசியா என்று கேட்டான்.

அந்தக் கருப்பு மற்றதுகளின் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிகிறது, வீடியோவிலேயே பார்த்தேன். அதைத் தனியாகப் பிரித்து வேறு அறையில் வை. கூட்டமாக இருந்தால் ஒன்றுக்கொன்று துணை, நீ எதற்கு? தனியாக இருந்தால்தான் உன்னைத் தேடும். ரேடியோ ஓடட்டும், குக்கர் விசில் கேட்கட்டும். ஒரு வீட்டில் என்னென்ன சத்தமோ எல்லாம் அதுகளுக்குப் பழக வேண்டும்.

மாட்டுப்பால் வேண்டாம், வயிறு போகும். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று டோலோ, குரோசின் ஒரு துளிகூடக் கொடுத்துவிடாதே. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது, செத்துப்போகும். உண்ணிக்கு நாய் மருந்தை முதுகில் விடாதே. அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வந்து சாகும். பூச்சி மருந்தும் தடுப்பூசியும் டாக்டர் சொல்கிற கணக்கில். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில். அதுவரைக்கும் அடுத்த வீட்டுப் பூனையைத் தொட்ட கையோடு உள்ளே போகாதே. பூனைக்கு வருகிற பார்வோ ஒரு தரம் வந்தால் கூண்டோடு கொண்டுபோய்விடும், அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையிலேயே கிடக்கும். குட்டிகள் ஒரு கிலோ வந்ததும், இரண்டு மாத வாக்கில், அதுகளுக்கும் ஆபரேஷன் பண்ணிவிடலாம். தத்துக் கொடுத்த பிறகு அவர்கள் செய்வார்கள் என்று நம்பாதே. செய்துவிட்டே கொடு.

கொடு என்று எழுதியதும் உன் முகம் போகிற போக்கு இங்கிருந்தே தெரிகிறது. நாலையும் வைத்துக்கொள்ள முடியாது மருமகளே. வாடகை வீடு, ஒற்றைச் சம்பளம், நாளைக்கே பெங்களூருக்கு மாற்றினால் என்ன செய்வாய்? இரண்டை வைத்துக்கொள். ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கும், நீ ஆபீஸ் போனால் ஏங்காது. மற்ற இரண்டையும் சேர்த்தே ஒரு வீட்டுக்குக் கொடு. ஜன்னலுக்கு வலை போட்டிருக்கிறார்களா, ஆபரேஷன் செய்த பூனை ஏற்கெனவே வளர்த்திருக்கிறார்களா, வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதமா, மூன்றையும் கேள். கருப்பு ஆகாது என்கிறவர்கள் வீட்டுக்கு எந்தக் குட்டியுமே வேண்டாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்குத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். போன தடவை போனில் அழுதாய், "அவ என்கிட்ட வரவே மாட்டேங்கறா அத்தை, நான் எவ்வளவு செய்யறேன்" என்று. தாய்ப்பூனையைச் சொன்னாயா, வேறு யாரையாவது சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. சென்னைக்குப் போனதிலிருந்து நீ தனியாகச் சாப்பிடுகிறாய், அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் பூனை விஷயத்தில் பதில் எனக்குத் தெரியும். அவள் வரமாட்டாள். வளர்ந்து பெரிதான தெருப்பூனை அபூர்வமாகத்தான் மடிக்கு வரும். அதைக் குளியலறையில் மாதக்கணக்கில் அடைத்து வைத்து அன்பைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. நம் கருப்பாயியைப் பார்த்திருக்கிறாயே, காது வெட்டி விட்டு வருஷக்கணக்கு ஆகிறது, இன்றைக்கும் கை நீட்டினால் சீறும். ஆனால் அவளுக்குக் குட்டிச் சுமை இல்லை, உடம்பு தேறிவிட்டது, கிணற்றுத் திண்டில் கால் நீட்டி வெயில் காய்கிறாள். அவளைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவளுக்கு அது வேண்டாமே, என்ன செய்ய?

கூண்டைத் திங்கட்கிழமை பார்சல் ஆபீஸில் போடுகிறேன், தாம்பரத்தில் எடுத்துக்கொள். ரசீதை வாட்ஸப்பில் அனுப்புகிறேன். உள்ளேயே நெத்திலி ஒரு டப்பா, உனக்குக் கருப்பட்டி, கொஞ்சம் சுக்கு. எது யாருக்கு என்று மாற்றிவிடாதே. ஆபரேஷன் செலவுக்கு நான் அனுப்புகிற பணத்தைத் திருப்பி அனுப்பினால் நல்லா வாங்குவாய். தீபாவளிக்கு வருகிறவள் குட்டிகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே ஏற்பாடு பண்ணிவிட்டு வா, கடைசி நேரத்தில் டிக்கெட்டை ரத்து பண்ணினால் உன் அம்மா என்னைத்தான் கேட்பாள்.

அந்தக் கடுவனுக்கு ஹவுஸ் ஓனர் சார் பேரை வைத்து மொட்டைமாடியில் நின்று கூப்பிடுகிறாயாமே, உன் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். மூதி, நாளைக்கே பேரை மாற்று. அவனைக் காயடிக்கக் கொண்டுபோகிறேன் என்று அந்த அம்மாவிடம் நீ எப்படிச் சொல்வாய்?

அன்புடன்,
அத்தை